51 கட்டைகளில் பொட்டோமாக் படை: இதுவரை நடந்த வேலை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் பொட்டோமாக் படை 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் வந்து சேர்ந்தபோது யாருக்குக் கீழே யார் இருந்தார்கள் என்பதை மரக்கட்டைகளில் செய்துகொண்டிருக்கிறேன். போர்க்களத்தின் மாதிரி இல்லை இது. குன்று, வேலி, பழத்தோட்டம் எதுவும் வைக்கவில்லை. படையின் அமைப்பு மட்டும்தான். காலாட்படையில் பிரிகேடுக்கு ஒரு கட்டை வீதம் 51 கட்டைகள். சில ரெஜிமென்ட் சேர்ந்தது ஒரு பிரிகேட், சில பிரிகேட் சேர்ந்தது ஒரு டிவிஷன், சில டிவிஷன் சேர்ந்தது ஒரு கோர். வடக்குத் தரப்பு முடிந்துவிட்டது, தெற்குத் தரப்பை இப்போதுதான் அறுக்க ஆரம்பித்திருக்கிறேன்.

இந்தப் போரைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு முதலில் குழம்புவது பெயர்கள்தான். ஒரே பக்கத்தில் பத்து ஜெனரல்கள் வருவார்கள். யார் யாருக்கு உத்தரவு போடலாம் என்று தெரியாமல் படித்தால் சண்டையே புரியாது. காகிதத்தில் கிளை கிளையாக வரைந்து பார்த்தேன். ஓரளவு உதவியது. ஆனால் போர் நடக்க நடக்க அந்தக் கிளைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, காகிதம் மாறுவதில்லை. அதனால்தான் கையில் எடுத்து நகர்த்துகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

மரம் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனைத் தச்சுப் பட்டறையில் கிடைத்தது. மிச்சம் விழுந்த ரீப்பர் துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். நீளத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: 300 பேருக்கு ஒரு சென்டிமீட்டர். அதற்குக் காரணம் உண்டு. ஒரு ரெஜிமென்டில் 10 கம்பெனி, கம்பெனிக்குச் சுமார் 100 பேர், மொத்தம் ஆயிரம் பேர் என்பது ஏட்டுக் கணக்கு. 1863க்குள் நோயும் சண்டையும் சேர்ந்து பெரும்பாலான ரெஜிமென்டுகளை முந்நூறு, நானூறுக்குக் கொண்டுவந்துவிட்டன. மாநில அரசுகள் பழைய ரெஜிமென்டுகளுக்கு ஆள் சேர்ப்பதைவிடப் புதிது புதிதாக ரெஜிமென்ட் திரட்டுவதிலேயே ஆர்வம் காட்டின. புது ரெஜிமென்ட் என்றால் கர்னல் முதல் எல்லாப் பதவியும் ஆளுநர் கையால் கொடுக்கலாம் அல்லவா? அதனால் நான்கைந்து ரெஜிமென்ட் சேர்ந்த ஒரு பிரிகேட் பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டர்தான் வருகிறது. ஸ்டனார்டின் வெர்மான்ட் பிரிகேட் மட்டும் தனியாகத் தெரியும். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வந்த புதியவர்கள் என்பதால் அவர்களுடைய ரெஜிமென்டுகள் தேயாமல் பெரிதாக இருந்தன. களத்துக்கு வந்தது மூன்று ரெஜிமென்ட்தான், ஆனாலும் கட்டை மற்றதில் பெரும்பாலானதைவிட நீளம்.

வண்ண வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1863 வசந்தத்தில், ஹூக்கர் தலைமையில் இருந்தபோது, ஒவ்வொரு கோருக்கும் ஒரு சின்னம் கொடுத்தார்கள். முதல் கோருக்கு வட்டம், இரண்டாவதுக்கு மூவிலை, மூன்றாவதுக்குச் சாய்சதுரம், ஐந்தாவதுக்கு மால்டா சிலுவை, ஆறாவதுக்கு நான்கு கையும் சமமான சிலுவை, பதினொன்றாவதுக்குப் பிறை, பன்னிரண்டாவதுக்கு நட்சத்திரம். முதல் டிவிஷன் என்றால் சிவப்பு, இரண்டாவது வெள்ளை, மூன்றாவது நீலம். ஒரு சிப்பாயின் தொப்பியைப் பார்த்தாலே அவன் எந்த கோர், எந்த டிவிஷன் என்று தெரிந்துவிடும். வழி தவறியவனையும், வேண்டுமென்றே பின்தங்கியவனையும் அடையாளம் காண இதைவிட எளிய வழி இருந்திருக்காது.

கட்டையின் பக்கங்களுக்குக் கருநீல எனாமல் அடித்தேன். மேல்முகத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷோடு விட்டுவிட்டேன், நீலச் சின்னமும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டுமே. மூவிலையை வரைவதுதான் கஷ்டம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய அச்சு வைத்து, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். மூன்றாவது கோரிலும் பன்னிரண்டாவதிலும் அப்போது இரண்டிரண்டு டிவிஷன்தான் இருந்தன, அதனால் நீலச் சாய்சதுரமும் நீல நட்சத்திரமும் தேவைப்படவில்லை. மழை நாட்களில் வண்ணம் காயவே காயாது. கடற்காற்று அடிக்கிற ஊரில் இதைச் செய்கிறவர்கள் மாசி, பங்குனியில் அடித்துவிடுவது நல்லது.

கட்டைகளை ஒட்டுப்பலகை மேல் அடுக்கி, சணல் நூலால் பிரிகேடிலிருந்து டிவிஷனுக்கு, டிவிஷனிலிருந்து கோருக்கு, கோரிலிருந்து தளபதி மீடுக்கு என்று இணைத்திருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு நாள் மாடிக்கு வந்து பார்த்தார். அவர் சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டு, முதல் கோர் பெயர்ச் சீட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஆளு விழுந்துட்டா அடுத்து யாரு தம்பி? அது இதுல எங்க இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் வேலையின் போக்கே மாறியது. ஒவ்வொரு கட்டையிலும் டிவிஷன் பலகையிலும் கோர் பலகையிலும் துளை போட்டு, மூங்கில் குச்சியில் தளபதியின் பெயர்க்கொடி செருகினேன். ஆள் மாறும்போது குச்சியைப் பிடுங்கி அடுத்த துளையில் நடலாம். முதலில் ஜூலை 1ஆம் தேதியை நகர்த்திப் பார்த்தேன்.

மீட் பதவிக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, ஜூன் 28 அன்றுதான் பொறுப்பேற்றார். ஏழு கோர், அதோடு குதிரைப்படை, பீரங்கிப்படை எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் நேராக உத்தரவு அனுப்புவது கஷ்டம். அதனால் முதல், மூன்றாவது, பதினொன்றாவது கோர்களைச் சேர்த்து, படையின் இடப்பக்கப் பிரிவு என்று அதற்குத் தலைவராக முதல் கோர் தளபதி ரெனால்ட்ஸை வைத்திருந்தார்கள். அப்போதே குச்சிகள் நகரத் தொடங்கிவிட்டன. ரெனால்ட்ஸ் மேலே போனதால் முதல் கோர் டபுள்டேயிடம் வந்தது, டபுள்டேயின் டிவிஷன் ரௌலியிடம், ரௌலியின் பிரிகேட் கர்னல் பிடிலிடம்.

காலையில் ரெனால்ட்ஸ் சுடப்பட்டு இறந்தார். களத்தில் மூத்தவர் ஹோவர்ட், அவர் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். உடனே அவருடைய பதினொன்றாவது கோர் ஷூர்ட்ஸுக்குப் போயிற்று. ஷூர்ட்ஸின் டிவிஷன் ஷிம்மெல்ஃபெனிக்குக்கு, அவருடைய பிரிகேட் கர்னல் வான் ஆம்ஸ்பெர்குக்கு, அவர் விட்டுவந்த 45ஆவது நியூயார்க் ரெஜிமென்ட் அதன் லெப்டினன்ட் கர்னலுக்கு. ஒரு துப்பாக்கிக் குண்டுக்குப் பலகையில் இத்தனை குச்சி பிடுங்க வேண்டியிருந்தது. அத்தனை பேரும் அரை மணி முன்பு வரை வேறு வேலை பார்த்தவர்கள். யார் தனக்குக் கீழே இருக்கிறார்கள், அவர்கள் எந்த வயலில் நிற்கிறார்கள் என்பதைச் சண்டைக்கு நடுவிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அன்று மாலை அந்த இரண்டு கோரும் ஊருக்குள் பின்வாங்கிய கதையைப் படிக்கும்போது, தளபதிகளைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்தக் குச்சிகளை ஒருமுறை நகர்த்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதோடு முடியவில்லை. மதியம் மீட் தன் சார்பில் இரண்டாவது கோர் தளபதி ஹான்காக்கை அனுப்பினார். இருவருமே மேஜர் ஜெனரல், ஆனால் ஹோவர்ட் சீனியர். மூப்பைப் பார்க்காமல் ஆளை நியமிக்க மீடுக்கு வாஷிங்டன் அரசு அதிகாரம் கொடுத்திருந்ததால்தான் அது நடந்தது. வடக்கில் 1864 மார்ச்சில் யுலிசிஸ் கிராண்ட் என்பவர் லெப்டினன்ட் ஜெனரல் ஆகும்வரை மேஜர் ஜெனரலுக்கு மேல் பதவியே இல்லை. டிவிஷனை நடத்துகிறவரும் மேஜர் ஜெனரல் ஆகலாம், முழுப் படையை நடத்துகிறவரும் அதேதான். எந்தத் தேதியில் பதவி வந்தது என்பதுதான் அவர்களுக்குள் உயர்வு தாழ்வு. இதற்காகக் கொடியின் பின்புறம் பதவி பெற்ற தேதியைச் சிறிதாக எழுதி வருகிறேன்.

தெற்குத் தரப்பு வேறு மாதிரி. கோர் தளபதி ஜாக்சன் மே மாதம் இறந்ததும், தெற்குப் படையின் தளபதி லீ தன் காலாட்படையை இரண்டு கோரிலிருந்து மூன்றாகப் பிரித்தார்: லாங்ஸ்ட்ரீட், யூவெல், ஏ. பி. ஹில். மூவரும் லெப்டினன்ட் ஜெனரல், லீ ஜெனரல். பதவிப் படிகள் தெளிவாக இருக்கின்றன. கோருக்கு மூன்று டிவிஷன், மொத்தம் 37 பிரிகேட். நூல் கட்டும்போதே வித்தியாசம் தெரிகிறது, லீயின் கையிலிருந்து காலாட்படைக்கு மூன்றே நூல்தான் போகிறது. ஆனால் ஒவ்வொரு கோரும் அவ்வளவு பெரியது, ஒரு கோர் தாமதித்தால் படையில் மூன்றில் ஒரு பங்கு தாமதிக்கிறது.

இங்கே பிரிகேடுக்கு எண் இல்லை, ஆள் பெயர்தான். ஹெத் முதல் நாளே காயப்பட்டு பெட்டிக்ரூ பொறுப்பேற்ற பிறகும் அது ஹெத் டிவிஷன்தான். எனவே சாம்பல் நிறக் கட்டையில் பெயரை நிரந்தரமாக எழுதி, நடத்துகிறவரைக் குச்சியில் தனியாக வைக்கப் போகிறேன்.

அடுத்தது பீரங்கி. இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். வடக்கில் ஒரு பீரங்கிக் குழுவுக்கு, அதாவது பேட்டரிக்கு, பெரும்பாலும் ஆறு பீரங்கி, நடத்துகிறவர் ஒரு கேப்டன், சில சமயம் வெறும் லெப்டினன்ட். ஒவ்வொரு கோருக்கும் ஒரு பீரங்கிப் பிரிகேட், அதற்கு மேல் தனி ரிசர்வ், எல்லாவற்றுக்கும் தலைவர் ஹென்றி ஹன்ட். ஜூலை 3 மதியம் தெற்கின் பீரங்கிகள் முழங்கியபோது, வரப்போகிற தாக்குதலுக்காகக் குண்டுகளை மிச்சம் பிடிக்கச் சொன்னார் ஹன்ட். தன் காலாட்படையின் தைரியம் குலையக் கூடாது என்று தொடர்ந்து சுடச் சொன்னார் ஹான்காக். இரண்டாவது கோரின் பேட்டரிகளை நடத்திய கேப்டன் ஹசார்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் உத்தரவு வந்தது. அந்தக் கட்டைக்கு மட்டும் இரண்டு நூல் கட்ட வேண்டும். ஹான்காக்கிடமிருந்து வருவதைச் சணலிலும், ஹன்டிடமிருந்து வருவதைச் சிவப்பு நூலிலும் கட்டலாம் என்று நினைக்கிறேன். சிவப்புத்தான் அந்தப் படையில் பீரங்கிக்காரர்களின் நிறம்.