‘கூடாது’ மட்டும் காதில் விழவில்லை

“மிஸ்ஸி, ரேடியோவுல பேசினது நீங்கதானே? அப்பா மாத்திரைய நிறுத்திட்டாரு. கேட்டா, நீங்கதான் சொன்னீங்கங்கிறாரு.”

அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த மகள் இப்படிக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பெரியவரின் விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். வழக்கமாக 8, 9 என்று இருக்கும் ரத்தச் சர்க்கரை 17-ஐத் தாண்டியிருந்தது. எங்கள் கணக்கு, லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பது.

நான் நீரிழிவுப் பிரிவில் தாதி. இன்சுலின் ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது, எதை எவ்வளவு சாப்பிடுவது, சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. எங்கள் பிரிவில் தமிழில் தடையில்லாமல் பேசுகிறவர்கள் குறைவு. அதனால் தமிழ் வானொலியோ தொலைக்காட்சியோ ஆள் கேட்டால் பெரும்பாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். 2016-ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்ததிலிருந்து இது அடிக்கடி நடக்கிறது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே இந்த நோய் அதிகம். தமிழில் பேச வேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தப் பெரியவர் கேட்டது என் முதல் பேட்டி. நிலையத்தில் அதன் ஒலிப்பதிவை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். அன்றிரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். நான் சொன்ன வாக்கியம் இதுதான்: “ரத்தத்தில் சர்க்கரை அளவு சரியாகிவிட்டது என்றால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைக்கக் கூடாது.”

வாக்கியத்தில் தவறு இல்லை. குரலில்தான் இருந்தது. ‘சரியாகிவிட்டது’ தெளிவாகக் கேட்கிறது. ‘நிறுத்திவிடலாம்’ எல்லாவற்றையும் விட உரக்கக் கேட்கிறது. அதற்கு அப்புறம் குரல் சரிகிறது. ‘என்று நினைக்க’ ஒரு முனகலாகப் போகிறது, ‘கூடாது’ பாதி மூச்சில் கரைந்துவிடுகிறது. ஹெட்போனில் கேட்ட எனக்கே இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தால்தான் அது பிடிபட்டது. பெரியவர் அப்போது சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாராம். அவர் காதில் ‘நிறுத்திவிடலாம்’ மட்டும் விழுந்ததில் என்ன வியப்பு?

பேட்டிக்கு முன்னால் ஒருநாள் ஊடகப் பயிற்சிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். ஒரே சுருதியில் பேசாதே, முக்கியமான சொல்லை அழுத்து, வேகத்தை மாற்று, நிறுத்திப் பேசு என்றார்கள். நல்ல பயிற்சிதான், இன்றும் எனக்கு உதவுகிறது. ஆனால் அது ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. ஆங்கிலத்தில் ‘டோன்ட்’ முதலிலேயே வந்துவிடும். அப்புறம் குரல் இறங்கினாலும் பெரிய சேதம் இல்லை. தமிழில் செய், செய்யாதே, உண்டு, இல்லை, வேண்டும், கூடாது எல்லாம் கடைசியில்தான் வந்து உட்காரும். கேட்பவர் அதுவரை எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தக் கடைசிச் சொல்லில் நாம் குரலைக் கைவிட்டால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

குரல் அங்கே சரிவதற்குக் காரணம் மூச்சு. நுரையீரலில் இருந்து வரும் காற்றின் அழுத்தத்தில்தான் குரல்நாண்கள் அதிர்கின்றன. மூச்சு தீரத் தீர அழுத்தம் குறையும், சத்தமும் சுருதியும் சேர்ந்து இறங்கும். நாம் தமிழில் ‘காலையில் எழுந்து, பசியாறிவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு’ என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போகிறோம். வினைமுற்று வரும்போது மூச்சு காலி. இதற்கு நான் கண்ட வழி எளிமையானது. ‘நினைக்க’ என்பதற்கு முன்னால் நிறுத்தி, ஒரு வாய் மூச்சு எடுத்துக்கொண்டு, ‘நினைக்கக் கூடாது’ என்பதைப் புதிய மூச்சில் சொல்வது. மூச்சுக்காக நிறுத்தும் அந்த அரை நொடியில் கேட்பவரும் நிமிர்ந்து உட்கார்கிறார்.

இதைவிட நல்ல வழி ஒன்று வார்டிலேயே இருந்தது. காது மந்தமான பாட்டிகளிடம் நாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்று கவனித்தேன். “நிறுத்தாதீங்க பாட்டி. மாத்திரைய நிறுத்தாதீங்க. டாக்டர் சொல்ற வரைக்கும்.” வினையை முன்னால் தூக்கிப் போட்டுவிடுகிறோம். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பேச்சுத் தமிழ் இப்படிச் சொற்களை இடம் மாற்றிக்கொள்ள நன்றாகவே இடம் கொடுக்கும். மைக் முன்னால் உட்கார்ந்ததும் நான் எழுத்துத் தமிழுக்குத் தாவியதால் இந்த வசதி எல்லாம் போய்விட்டது. ஊடகத்தில் நல்ல தமிழ் பேச வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பேச்சுத் தமிழும் நல்ல தமிழ்தான் என்று அந்தப் பாட்டிகளிடம் பேசிப் பேசித்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவரிடம் இதைச் சொன்னேன். எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலி வேறுபடுவதை நன்னூல் அப்போதே சொல்லியிருக்கிறதே என்றார். எடுத்தல் என்றால் உயர்த்தி ஒலிப்பது, படுத்தல் என்றால் தாழ்த்தி ஒலிப்பது, நலிதல் இரண்டுக்கும் நடுவே. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆங்கிலப் பயிற்சியில் கேட்டதற்கு நம்மிடமே சொற்கள் இருக்கின்றன.

ஆனால் அடுத்த பேட்டியில் எடுத்தல் மட்டுமே இருந்தது. தொலைக்காட்சிப் பேட்டி அது. ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்ற பயத்தில் எல்லாச் சொல்லையும் அழுத்தினேன். ஒளிபரப்பானதும் அம்மா தொலைபேசியில் கேட்டார்: “ஏம்மா எல்லாரையும் அப்படித் திட்டுற?” அதை நான் மிகவும் யோசித்தேன். ஏனென்றால் நீரிழிவில் திட்டு மிகவும் கெடுதல் செய்யும். திட்டு வாங்கிய நோயாளி அடுத்த முறை குறிப்பேட்டில் பொய் எண் எழுதிக்கொண்டு வருவார். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு மாதம் முழுக்க 6, 6, 7 என்று எழுதியிருக்கும். மீட்டரைத் திறந்து பார்த்தால் வேறு கதை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. யாரோ அவரிடம் கடுமையான குரலில் பேசியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு, வேண்டாம் என்பதைத் தாழ்ந்த குரலில், நிதானமாகச் சொல்லப் பழகினேன். சாப்பிடலாம், குடிக்கலாம் என்பதைச் சொல்லும்போதுதான் குரலை ஏற்றுகிறேன். 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் குறியீடு வந்தது. பானத்தில் உள்ள சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் சொல்லும் குறியீடு அது. அதையொட்டி ஒரு காப்பிக்கடையில் நின்று பேச வேண்டியிருந்தது. பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம், ஆர்டரைக் கத்திச் சொல்லும் சத்தம். செய்தியில் நமக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நொடிதான். ஏ, பி, சி, டி என்ன என்று விளக்கினால் அதிலேயே நேரம் போய்விடும். “தே குடிக்கலாம். தாராளமா குடிக்கலாம். கேட்கும்போது மட்டும் தே ஓ... கொசொங்-னு கேளுங்க.” தே ஓ என்றால் பால் இல்லாத தேநீர், கொசொங் என்றால் சீனி இல்லாமல். ‘குடிக்கலாம்’ என்பதை ஒரு விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொன்னேன். ‘கொசொங்’குக்கு முன்னால் ஒரு நொடி விட்டேன். அந்த இடைவெளியில் படக்கருவியைப் பிடித்திருந்தவரே தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பகுதிதான் ஒளிபரப்பானது.

எண்கள் தனிச் சிக்கல். ஒருமுறை தொலைபேசி வழியாக நேரலையில் பேசினேன். சாதாரணத் தொலைபேசி இணைப்பில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். குரலின் அடியில் இருக்கும் கனமும் மேலே இருக்கும் கூர்மையும் வெட்டுப்பட்டுவிடும். குரலில் குழைவு காட்டிப் பயனில்லை. வேகமும் இடைவெளியும்தான் கைகொடுக்கும். இரவில் மனைவிக்குக் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். சர்க்கரை இறங்கினால் சொல்ல வேண்டியவை மூன்று. 4-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். 15 கிராம் சர்க்கரை கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டு பதினைந்தும் ஒரே தொனியில் போனால் கேட்பவர் மனத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அதனால் கிராமை விட்டுவிட்டேன். “மீட்டர்ல நாலுக்குக் கீழ காட்டுதா?” நிறுத்தினேன். “மூணு தேக்கரண்டி சீனி. தண்ணியில கலக்குங்க. குடிக்கக் கொடுங்க.” இதைச் சட்டென்று, கட்டளை போலச் சொன்னேன். அப்புறம் குரலைத் தணித்து, வேகத்தைப் பாதியாக்கினேன். “இப்போ கடிகாரத்தப் பாருங்க. பதினஞ்சு நிமிஷம். பக்கத்துலயே உட்கார்ந்திருங்க. மறுபடி குத்திப் பாருங்க. மயங்கிக் கிடந்தா மட்டும் வாயில எதையும் ஊத்தாதீங்க. ஆம்புலன்சுக்கு 995-ஐக் கூப்பிடுங்க.” நிகழ்ச்சி நடத்திய அக்கா இடையில் ஒன்றும் பேசவில்லை. வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் பயம். அவர் அதைத் தாங்கிக்கொண்டு எனக்காக விட்டுக்கொடுத்தார். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது பேட்டிக்குப் போகும்போது பதிலை முழுதாக எழுதிக்கொண்டு போவதில்லை. வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதுவேன். நிறுத்தாதீங்க. குடிக்கலாம். கேளுங்க. நடங்க. எந்தச் சொல்லில் மூச்சு மிச்சம் இருக்க வேண்டுமோ அவைதான் தாளில் இருக்கும். முந்தின இரவு வீட்டில் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கைபேசியை எட்டத்தில் வைத்துப் பதிவு செய்து கேட்பேன். தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி அந்தச் சொல் வந்தால் சரி.

மாத்திரையை நிறுத்திய பெரியவர் இப்போதும் எங்களிடம்தான் வருகிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன மாதம் காத்திருக்கும் இடத்தில் அவருக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவர், கையில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தார். நான் கதவருகே வந்தபோது பெரியவர் அவரிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

“நிறுத்தாதீங்க தம்பி.” ஒரு மூச்சு விட்டார். “டாக்டர் சொல்லாம மாத்திரைய நிறுத்தாதீங்க.”

என் இடைவெளி அப்படியே அதில் இருந்தது. இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் அவருடைய எண்ணைக் கூப்பிட்டேன்.