போர்ச் செலவை யார் கொடுத்தது? அரியர் விழுந்த ஐரோப்பிய வரலாற்றுத் தாளைத் தேறிய கதை

முதல் தடவை எழுதியபோது எனக்கு 100க்கு 31. தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு. மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டன. பிரெஞ்சுப் புரட்சி வரையிலான ஐரோப்பிய வரலாறு மட்டும் காலை வாரிவிட்டது. இத்தனைக்கும் அதற்குத்தான் அதிகம் படித்தேன். பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி நடத்திய நான்கு பெரிய போர்களையும் ஆண்டு, உடன்படிக்கை எதுவும் பிசகாமல் ஒப்பிப்பேன். கேள்வியோ, ‘லூயியின் போர்கள் பிரெஞ்சு முடியாட்சியைப் பலப்படுத்தினவா, பலவீனப்படுத்தினவா?’ என்று வந்தது. நான்கு போர்களையும் ஒப்பித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பகலில் நான் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். முடிவு வந்த வாரம் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இந்த ராஜாக்களுக்கும் வரவு செலவு என்று ஒன்று இருந்திருக்குமே என்று தோன்றியது. ஒரு நோட்டு வாங்கி, போருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே கேள்வியை எழுதினேன்: பணம் யார் கொடுத்தது? கேட்டு வாங்கினார்களா, கேட்காமல் வாங்கினார்களா? அடுத்த தடவை 64 வந்தது.

இங்கிலாந்திலிருந்து தொடங்குவது சுலபம். எங்கள் சம்மதம் இல்லாமல் வரி கூடாது என்று நாடாளுமன்றம் கொடுத்த உரிமை விண்ணப்பத்துக்கு அரசர் முதலாம் சார்லஸ் 1628இல் இசைந்தார். மறு ஆண்டே நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, 11 ஆண்டுகள் அது இல்லாமலே காலத்தை ஓட்டினார். ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்கள் கொடுத்துவந்த கப்பல் வரியை, அமைதிக் காலத்தில் உள்நாட்டுப் பகுதிகளுக்கும் விதித்தார். முணுமுணுப்பு இருந்தாலும் வண்டி ஓடியது. ஸ்காட்லாந்தில் புதிய வழிபாட்டு நூலைத் திணிக்கப் போய்ச் சண்டை மூண்ட பிறகுதான் கஜானா தாங்காது என்று தெரிந்தது. 1640இல் வேறு வழியில்லாமல் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். 1642இல் உள்நாட்டுப் போர், 1649 ஜனவரி 30இல் அரசரின் தலை போயிற்று. (பழைய ஆங்கில ஆவணங்களில் அது 1648 என்றிருக்கும். அங்கே அப்போது ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். விடைத்தாளில் 1649 என்றே எழுதுங்கள்.)

சார்லஸ் தலை இழந்த அதே குளிர்காலத்தில்தான், ஃப்ராண்ட் என்ற, பிரெஞ்சு முடியாட்சிக்கு எதிரான கலகத்துக்குப் பயந்து, பத்து வயது லூயியை அவருடைய தாய் இரவோடு இரவாகப் பாரிசிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெர்சாய் அரண்மனை ஏன் பாரிசுக்கு வெளியே இருக்கிறது, பிரபுக்களை லூயி ஏன் அங்கே கண்ணெதிரே வைத்துக்கொண்டார் என்பதற்கெல்லாம் பாதிப் பதில் அதில் இருக்கிறது. அப்புறம், ‘நானே அரசு’ என்று லூயி சொன்னதாக எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலச் சான்று கிடையாது.

லூயியால் கேட்காமலே வரி வாங்க முடிந்தது, உண்மைதான். ஆனால் யாரிடம்? பெரும்பாலும் மறுக்கத் தெம்பில்லாதவர்களிடம். தெய்ல் என்ற நேர்முக வரியின் சுமை குடியானவர்கள் தலையில் விழுந்தது. போதாத பணத்துக்கு அரசுப் பதவிகளையே விற்றார்கள். அவற்றில் பல, வரிவிலக்கோடு விற்கப்பட்டன. இன்றைக்குக் காசு, நாளைக்கு வருமானத்தில் ஓட்டை! அதற்காகப் பிரபுக்கள் ஒரு காசுகூடக் கட்டவில்லை என்று எழுதிவிடாதீர்கள், 1695இல் வந்த தலைவரி அவர்களுக்கும் உண்டு. நானே முதல் தடவை அப்படித்தான் எழுதியிருந்தேன்.

எனக்கு இந்தப் பாடத்தில் மண்டைக்குள் விளக்கு எரிந்த இடம் 1694. ஆறு வருடம் முன்னால்தான் இங்கிலாந்தில் மாண்புமிகு புரட்சி நடந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் ஓடிப்போயிருந்தார். 1689இன் உரிமைகள் சட்டம், வரி விதிப்பது நாடாளுமன்றத்தின் கையில் என்று முடிவு கட்டிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இங்கிலாந்து அரசரின் கை கட்டப்பட்டுவிட்டது. ஆனால் லூயியோடு நடந்த போருக்காக 1694இல் இங்கிலாந்து வங்கி தொடங்கப்பட்டு, 8 சதவீத வட்டிக்கு 12 லட்சம் பவுண்டு அரசுக்குக் கடனாகக் கிடைத்தது. வட்டிக்கு நாடாளுமன்றம் ஒதுக்கிய வரி பொறுப்பு. மண்டியில் தினமும் பார்ப்பதுதான் இது. திருப்பிக் கேட்க முடியாத பெரிய மனிதருக்கு எங்கள் முதலாளி கடன் கொடுக்க யோசிப்பார், கொடுத்தாலும் வட்டி கூடுதலாகத்தான் வைப்பார். யாருக்கும் கணக்குக் காட்டாத அரசர் பலவீனமான கடனாளி. லூயி பற்றிய அந்தக் கேள்விக்கு நான் இரண்டாம் தடவை எழுதிய விடையின் முதல் பத்தி ஏறக்குறைய இதுதான். முதல் பத்தியிலேயே உங்கள் கட்சி என்ன என்று சொல்லிவிடுங்கள். போர்கள் அதற்குச் சாட்சியாக வந்தால் போதும்.

இந்த இழையைப் பிடித்துக்கொண்டால் 1789 தானாக வந்து நிற்கும். அமெரிக்கர்களுக்கு ஆதரவாக 1778இல் பிரான்ஸ் போரில் இறங்கியது பெரும்பாலும் கடன் வாங்கித்தான். 1788இல் அரசின் செலவில் பாதியளவு கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. 1787இல் கூட்டிய பிரமுகர் சபை புதிய வரிக்குத் தலையாட்டவில்லை. கடைசியில், 1614க்குப் பிறகு யாரும் கூட்டாத எஸ்டேட்ஸ் ஜெனரலை (குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று பிரிவினரின் சபை) 1789 மே 5இல் வெர்சாயில் கூட்ட வேண்டியதாயிற்று. சார்லஸ் 1640இல் வந்து நின்ற அதே வாசல்.

1618 முதல் 1648 வரை ஜெர்மானிய நாடுகளில் நடந்த முப்பதாண்டுப் போரை மதப்போர் என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் பாதியில் நின்றுவிடும். கத்தோலிக்கப் பிரான்ஸ், அதுவும் ஒரு கார்டினல் அமைச்சராக இருந்தபோது, 1635இல் புரட்டஸ்டண்ட் ஸ்வீடன் பக்கம் நின்று போரிட்டதைச் சேருங்கள். ஆண்டுகள் நினைவில் நிற்காதவர்களுக்கு 1648 நல்ல முளைக்குச்சி: அந்தப் போரை முடித்த வெஸ்ட்பாலியா உடன்படிக்கை, டச்சு விடுதலைக்கு ஸ்பெயினின் ஒப்புதல், ஃப்ராண்ட் தொடக்கம் எல்லாம் அதிலேயே கட்டிக்கொள்ளலாம். எனக்கு நம் ஊரும் உதவியது. புதுச்சேரியை 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்து, 1697இன் ரிஸ்விக் உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரில் 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த சென்னை, 1748 உடன்படிக்கையால் ஆங்கிலேயரிடம் திரும்பியது. விடையில் இதை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம், கேள்வி ஐரோப்பாவைப் பற்றியது.

வட ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் பெயர்க் குழப்பம்தான் பெரிய தலைவலி. முதலாம் பிரடெரிக் வில்லியம் சிக்கனமாக இருந்து 80,000 பேர் கொண்ட படையையும் நிறைந்த கஜானாவையும் விட்டுப்போனார். மகன் இரண்டாம் பிரடெரிக் பட்டத்துக்கு வந்த 1740இலேயே அதைக் கொண்டு ஆஸ்திரியாவின் கையிலிருந்த சைலேசியாவுக்குள் புகுந்தார். அப்பா சேர்த்தார், பிள்ளை செலவழித்தார் என்று நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

ரஷ்யா வராது என்று நம்பி விட்டுவிட்டேன். மகா பீட்டர் கட்டாயக் கேள்வியாக வந்தார். தாடி வரியையும் புனித பீட்டர்ஸ்பர்க்கையும் வைத்து ஒன்றரைப் பக்கம் ஒப்பேற்றினேன். படையைப் பராமரிப்பதற்காகவே ஆண் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி போட்டு 1724இலிருந்து அவர் வசூலித்தார் என்பதைத் தேர்வு முடிந்த மூன்றாம் நாள்தான் படித்தேன். என் நோட்டில் அவருக்குப் பக்கமே இல்லை.