ஸ்ட்ராஸ்பர்க் அவையில் ஒரு வாக்கெடுப்பு

2025 செப்டம்பர் 10 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன், இஸ்ரேலுடனான ஒன்றியத்தின் ஒப்பந்தத்தின் வர்த்தகப் பகுதிகளை நிறுத்திவைக்க முன்மொழிவதாக ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது, காசாவுக்கு ஆதரவாகச் சிவப்பு உடையணிந்த உறுப்பினர்கள் சிலர் அவையில் அமர்ந்திருந்தனர். இது மிகவும் தாமதம் என்று இடதுசாரிகள் கொதித்தனர். மறுநாளே அந்த முன்மொழிவை ஆதரிக்கும் தீர்மானம், 305 பேர் ஆதரிக்க, 151 பேர் எதிர்க்க, நிறைவேறியது.

வாக்களித்தும் எப்பக்கமும் சாயாத 122 பேரை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. மனித உரிமைகளை மதிப்பதே இந்த உறவின் அடிப்படை என்று அந்த ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவே கூறும்போது, அதில் தயங்க என்ன இருக்கிறது? தீர்மானம் அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 விழுக்காட்டைக் கொண்ட குறைந்தது 15 நாடுகள் இசைந்தால்தான் வர்த்தகச் சலுகைகள் நிற்கும்.