வாளி, கடிகாரம், அப்புறம்தான் குழாய்

பிப்ரவரி 2

தோட்டத்துக்குத் தானியங்கிப் பாசனம் போடும் வேலை: புல்தரைக்கு ஸ்ப்ரே, காய்கறிக்குச் சொட்டுநீர். குழி வெட்டுவதற்கு முன்னால் அளவெடுப்பு. தோட்டத்துக் குழாயை முழுக்கத் திறந்து 10 லிட்டர் வாளியை வைத்தால் 20 விநாடியில் நிறைகிறது. மூன்று தடவை பார்த்தாச்சு, அதேதான். நிமிடத்துக்கு 30 லிட்டர். இதில் 24 லிட்டரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தை விட்டுவைக்காவிட்டால், வீட்டுக்குள் யாராவது ஷவரைத் திறந்ததும் புல்தரையில் ஸ்ப்ரே படுத்துவிடும்.

அடுத்து அழுத்தம். எல்லாக் குழாயையும் மூடிவைத்துப் பார்த்தால் கேஜில் (அழுத்தமானியில்) 3.2 பார்; பார் என்பது அழுத்தத்தின் அலகு. இன்னொரு குழாயில் 24 லிட்டர் ஓடவிட்டுப் பார்த்தால் 2.4 பார். வடிவமைப்புக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். முதல் எண்ணை நம்பி நாசில் (தண்ணீரைத் தெளிக்கும் முனை) தேர்ந்தெடுத்த தோட்டங்கள்தான் பின்னால் பழுதுபார்க்கக் கூப்பிடுகின்றன.

மேல்தொட்டித் தண்ணீரை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.6 பார். பாப்-அப் ஸ்ப்ரேவுக்கு, அதாவது தண்ணீர் வந்ததும் மண்ணிலிருந்து எழும்பித் தெளிக்கும் தலைக்கு, 2 பாராவது வேண்டும். இல்லையென்றால் தலை பாதி எழும்பி, சுற்றிலும் வழிந்துகொண்டே நிற்கும். அங்கே பூஸ்டர் பம்ப் வைக்கலாம், அல்லது சொட்டுநீரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிப்ரவரி 4

புல்தரை 9 மீட்டருக்கு 4.5 மீட்டர். 4.5 மீட்டர் வீச்சுள்ள ஸ்ப்ரே நாசில் போதும். நான்கு மூலையிலும் கால்வட்டம், நீளப் பக்கங்களின் நடுவில் அரைவட்டம் இரண்டு. ஒரு தலையின் தண்ணீர் பக்கத்துத் தலையின் காலடி வரை போய் விழ வேண்டும். வட்டங்கள் ஓரத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டால் போதும் என்று இடைவெளியை நீட்டினால், இரண்டு மாதத்தில் புல்லே வட்டம் வட்டமாகக் காய்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கால்வட்டம் நிமிடத்துக்கு 3.5 லிட்டர், அரைவட்டம் 7. ஆறும் சேர்ந்தால் 28 லிட்டர். நம்மிடம் இருப்பது 24. ஒரே வால்வில் எல்லாவற்றையும் ஓட்ட முடியாது. மூன்று மூன்றாகப் பிரித்து ஒரு பகுதிக்கு 14 லிட்டர். பல தாரையாகச் சுற்றும் சுழல் நாசில் போட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தண்ணீரே இழுக்கும், ஒரே வால்வில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு 2.8 பார் கேட்கும். அதனால் இங்கே ஸ்ப்ரேதான்.

ஒரே வால்வில் ஸ்ப்ரேவையும் சுழல் நாசிலையும் கலக்கவே கூடாது. ஸ்ப்ரே மணிக்கு 40 மி.மீ. உயரத்துக்கு ஊற்றும், சுழல் நாசில் 10. ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் சருகு.

பிப்ரவரி 7

பள்ளம் 30 செ.மீ. ஆழம், 25 மி.மீ. பிவிசி. இந்தக் குழாயில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டாமல் இருக்க, நிமிடத்துக்கு 30 லிட்டர்தான் எல்லை. அதற்கு மேல் போனால் வால்வு மூடும்போதெல்லாம் குழாய் டமாரென்று அடிக்கும். நாளாக நாளாக ஏதாவது ஒரு ஒட்டு விட்டுப்போகும்.

அறுத்த விளிம்பைக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டிய தூளை உள்ளே தள்ளிவிடாமல் தட்டிக் கொட்ட வேண்டும். பின்னால் நாசிலை அடைப்பது பெரும்பாலும் இந்தத் தூள்தான். சால்வென்ட் சிமெண்டை (பிவிசிப் பசையை) இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, 30 விநாடி விடாமல் பிடிக்க வேண்டும். விட்டால் குழாய் தானே பின்னுக்கு வந்துவிடும். ஒரு ராத்திரி காய்ந்த பிறகு தண்ணீர்.

பிப்ரவரி 9

வால்வுப் பெட்டி. மெயினிலிருந்து பால் வால்வு (கையால் மூடுவது), யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), சோலனாய்டு வால்வு (டைமர் மின்சாரத்தால் திறப்பது). சோலனாய்டு வால்வின் உடம்பில் அம்புக்குறி இருக்கிறது, தண்ணீர் போகும் திசைக்கே வைக்க வேண்டும். மரையில் டெஃப்ளான் டேப் மூன்று நான்கு சுற்று, முறுக்கும் திசையிலேயே. பிளாஸ்டிக் மரையைக் கையால் இறுக்கி, ரெஞ்சில் ஒரு சுற்று கொடுத்தால் போதும்.

வயர் இணைப்பில் சும்மா முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிற வேலையே வேண்டாம். கிரீஸ் நிரப்பிய நீர்புகா இணைப்பிதான் மண்ணுக்குள் தாங்கும்.

குடிநீர் வரும் அதே இணைப்பிலிருந்து பாசனத்துக்கும் எடுத்தால் பின்னோட்டத் தடுப்பு (தோட்டத்துத் தண்ணீர் குடிநீருக்குள் திரும்பாமல் தடுப்பது) கட்டாயம். அது சாதாரண வேக்குவம் பிரேக்கர் (காற்றை உள்ளே விட்டுத் தடுக்கும் வகை) என்றால், மிக உயரத்தில் இருக்கும் தலையைவிட 15 செ.மீ. மேலே இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வேறு வால்வு வரக் கூடாது.

பிப்ரவரி 10

தலைகளைப் பொருத்தும் முன் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியாச்சு. முதலில் மண், பிறகு வெள்ளைத் தூள், பிறகு தெளிவு. அதற்குப் பின்தான் நாசில். தலைக்கும் குழாய்க்கும் நடுவே வளையும் குழாய்த் துண்டு ஒன்று கொடுத்தால், புல்வெட்டும் இயந்திரம் ஏறினாலும் கீழே T வடிவ இணைப்பு உடையாது. தலையின் மூடி மண்மட்டத்துக்குச் சமமாக, நேர்க்குத்தாக.

பிப்ரவரி 13

காய்கறிப் பாத்தி, 6 மீட்டருக்கு 1.2. இன்லைன் லேட்டரல் (தண்ணீர் சொட்டும் வாய்களான டிரிப்பர்கள் உள்ளேயே பதித்த குழாய்) மூன்று வரிசை, 40 செ.மீ. இடைவெளி. 30 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர். 60 டிரிப்பர், மணிக்கு 120 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் என்றால் 1 மி.மீ.; 7.2 சதுர மீட்டருக்கு மணிக்கு 16.7 மி.மீ. அதாவது 5 மி.மீ. வேண்டுமென்றால் 18 நிமிடம்.

வரிசை இப்படி: பால் வால்வு, 120 மெஷ் ஃபில்டர் (நுண்வலை வடிகட்டி), சோலனாய்டு, பிரஷர் ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைப்பது), லேட்டரல். இங்கே பலர் சறுக்குவது வால்வில்தான். மணிக்கு 120 லிட்டர் என்பது நிமிடத்துக்கு 2 லிட்டர். ஸ்ப்ரேவுக்கு வாங்கிய வால்வுகள் சில இவ்வளவு மெல்லிய ஓட்டத்தில் சரியாக மூடாது. வால்வோடு வரும் தாளில் குறைந்தபட்ச ஓட்டம் போட்டிருக்கும், பார்த்து வாங்க வேண்டும்.

லேட்டரலின் உயரமான இடத்தில் காற்று வால்வு ஒன்று. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, டிரிப்பர் வழியே சேற்றை உறிஞ்சும். காற்று நுழைய வழி இருந்தால் உறிஞ்சாது.

பிப்ரவரி 15

கிண்ணச் சோதனை. 8 செ.மீ. வாயுள்ள ஒரே மாதிரி டப்பா 16, புல்தரையில் கட்டம் கட்டமாக. அந்த வாய்க்கு 5 மி.லி. என்றால் 1 மி.மீ. இரண்டு பகுதிகளையும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டி அளந்தால் சராசரி 30 மி.லி. குறைவான நான்கு டப்பாக்களில் 17, 19, 20, 22, சராசரி 19.5. 19.5ஐ 30ஆல் வகுத்தால் 0.65; 1ஐ நெருங்க நெருங்கத் தண்ணீர் சீராக விழுகிறது என்று அர்த்தம்.

நான்கும் ஒரே மூலைக்குப் பக்கம். அங்கே தலை லேசாகச் சாய்ந்திருந்தது, நாசில் வலையில் ஒரு பிவிசிச் சுருள், நகம் வெட்டிப் போட்ட மாதிரி. இரண்டையும் சரிசெய்து மறுபடி: சராசரி 32, குறைந்த நான்கின் சராசரி 24. 0.75. ஸ்ப்ரேவுக்கு இது நல்ல எண். இந்தச் சோதனை செய்யாமல் மூலை காய்கிறது என்று நேரத்தைக் கூட்டியிருந்தால், மற்ற இடமெல்லாம் ஊறிப்போயிருக்கும்.

பிப்ரவரி 16

களிமண் தரை. ஐந்தாவது நிமிடத்தில் தண்ணீர் நடைபாதைக்கு ஓட ஆரம்பிக்கிறது. ஆகவே 12 நிமிடத்தை 4, 4, 4 ஆக உடைத்தாச்சு: விடிகாலை 4:30, 5:10, 5:50. நேற்றைய அளவுப்படி மொத்தம் 7.7 மி.மீ. சொட்டுநீர் தனி புரோகிராமில் 6:30க்கு.

டைமரில் எல்லோரும் விழும் குழி ஒன்று. தொடக்க நேரம் என்பது வால்வுக்கு அல்ல, புரோகிராமுக்கு. ஒரு நேரம் கொடுத்தாலே எல்லா வால்வும் வரிசையாக ஓடும். வால்வுக்கு ஒன்றாக மூன்று நேரம் கொடுத்தால் முழு வரிசையும் மூன்று தடவை ஓடித் தீர்க்கும்.

மார்ச் 12

தாழ்வான தலையில் தண்ணீர் கசிகிறது. வால்வைக் கழற்றும் முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சில நிமிடத்தில் நின்றால் அது குழாயில் மிஞ்சிய தண்ணீர் வடிவது. செக் வால்வு (மிஞ்சிய தண்ணீர் வடியாமல் பிடித்துவைப்பது) உள்ள தலையாக மாற்றினால் தீரும். நிற்காமல் வந்தால்தான் வால்வுக் கோளாறு. இங்கே ஆறு நிமிடத்தில் நின்றது.

ஏப்ரல் 6

இரண்டாம் பகுதி மூடவே இல்லை. இது நிஜமாகவே வால்வு. மெயினை மூடிவிட்டு மேல்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் டயாஃப்ரம் (வட்ட ரப்பர் தகடு) கைக்கு வருகிறது. அதில் குண்டூசித் தலை அளவு ஒரு துளை. அதன் வழியே மேலறைக்குத் தண்ணீர் ஏறி, அந்த அழுத்தம்தான் ரப்பரைக் கீழே அமுக்கி மூடுகிறது. துளை அடைந்தால் மேலறை நிரம்பாது, வால்வு திறந்தே கிடக்கும். ஒரே ஒரு மணல் பொடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரிந்தது. ஊசியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். தண்ணீரில் அலசி ஊதினால் போதும். ஸ்பிரிங்கை மறக்காமல் வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிராக இறுக்க வேண்டும்.

மே 3

முதல் பகுதி திறக்கவில்லை. வால்வின் பிளீட் ஸ்க்ரூவை (மின்சாரம் இல்லாமல் வால்வைத் திறக்கும் திருகை) கையால் தளர்த்தியதும் தலைகள் எழும்பின. அப்படியானால் தண்ணீர்ப் பக்கம் சரி, மின்சாரப் பக்கம்தான் கோளாறு. மல்டிமீட்டரில் வால்வின் மின்சுருள் (காயில்) 20 முதல் 60 ஓம் வரை காட்டினால் நல்லது. இங்கே 38. மின்சுருளில் பழுதில்லை. எல்லாப் பகுதியும் செத்திருந்தால் காமன் வயரை (எல்லா வால்வுக்கும் பொதுவான வயரை) சந்தேகிக்கலாம், ஒன்று மட்டும் என்பதால் அதன் தனி வயர். டைமர் முனையில் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது.

ஜூன் 1

ஃபில்டர் வலையைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவியாச்சு. எண்ட் கேப்களை (சொட்டுநீர்க் குழாய்களின் முனை மூடிகளை) திறந்துவிட்டால் முதல் அரை நிமிடம் பழுப்பாக வந்தது. பூந்தொட்டிகளில் கழற்றும் வகை டிரிப்பர்கள் நான்கில் வெள்ளை உப்பு படிந்திருந்தது. வினிகரில் ஒரு ராத்திரி ஊறுகின்றன. எலுமிச்சைக்குக் கொடுத்த இரண்டு டிரிப்பர்கள் இன்னும் தண்டை ஒட்டியே இருந்தன. இலைவிரிப்பின் ஓரத்துக்கு நகர்த்தி, இரண்டை நான்காக்கியாச்சு. குழாயின் பழைய துளைகளுக்குக் கூஃப் பிளக் (துளையை மூடும் சிறிய அடைப்பான்).