22 மில்லிமீட்டரில் அகலப் பாதை: முதல் பாயிண்ட் கட்டிய அனுபவம்

இந்திய அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. ஓர் அடியை 4 மி.மீ. ஆகச் சுருக்கும் 1:76.2 அளவில் மாதிரி செய்தால் அந்தத் தூரம் 22 மி.மீ. என்று முழு எண்ணாக வந்து நிற்கிறது. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையில் பல ஆண்டுகள் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த என்னைச் சொந்தமாகத் தண்டவாளம் கட்டும் வேலைக்கு இழுத்து வந்தது இந்தக் கணக்குதான். கடந்த நான்கு மாதங்களில் 1 இன் 8½ பாயிண்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்; எட்டரைப் பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விலகுவது) ஒன்றையும், அதன் மேல் ஓட்டிப் பார்க்க பாக்ஸ்-என் சரக்குப் பெட்டி ஒன்றையும் முடித்திருக்கிறேன். அவற்றின் கணக்குகளையும், நடுவில் நேர்ந்த ஒரு பிழையையும், அதைத் திருத்திய விதத்தையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதை, 1:87 அளவில் 1435 மி.மீ. கேஜுக்காக, அதாவது தண்டவாள இடைவெளிக்காக, உருவானது. இங்கிலாந்தில் அதே பாதையின் மேல் 1:76.2 அளவுள்ள சற்றுப் பெரிய இன்ஜின்களை வைத்து ஓட்டும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அந்தக் கணக்கில் பாதையின் அகலம் ஏறக்குறைய 1257 மி.மீ. தான் வருகிறது. அந்தக் குறையைப் பொறுக்க முடியாத ஆர்வலர்கள் முதலில் 18.2 மி.மீ. கொண்ட இ.எம். அளவையும், பிறகு 1960களில் 18.83 மி.மீ. கொண்ட பி4 அளவையும் வகுத்தார்கள். நுண்ணளவுப் பாதை என்று நாம் பேசுவது இந்தத் திருத்தங்களிலிருந்து தொடங்கியதே. இந்திய ரயிலுக்கோ இடைவெளி இன்னும் பெரிது. 1:76.2 அளவில் செய்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜினை 16.5 மி.மீ. பாதையில் நிறுத்தினால் சக்கரங்கள் 5.5 மி.மீ. உள்ளே ஒடுங்கிவிடும், இருக்க வேண்டிய அகலத்தில் அது கால் பங்கு. 1:87 அளவிலும் 2.7 மி.மீ. குறைகிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது எதுவும் தெரியாது. முன்னால் குனிந்து கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்தால், அகலப் பாதை இன்ஜினுக்கே உரிய அந்தக் கால் பரப்பி நிற்கும் தோற்றம் காணாமல் போயிருப்பது உடனே தெரியும். (சென்னை மெட்ரோவை மாதிரியாகச் செய்ய நினைப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது 1435 மி.மீ. பாதை என்பதால், 1:87 அளவில் கடைத் தண்டவாளமே பொருந்திவிடும்.)

கேஜை முடிவு செய்வது எளிது. சக்கரத்தின் உட்பக்க விளிம்பான ஃபிளாஞ்ச் செல்லும் வழியின் அகலத்தை முடிவு செய்யத்தான் இரண்டு வாரங்கள் பிடித்தன. உண்மையான அகலப் பாதையில் பாயிண்டில் சக்கரம் வழிதவறாமல் பிடிக்கும் செக் ரெயிலுக்கும், சக்கரம் உருளும் ஓடு ரெயிலுக்கும் இடையில் 44 முதல் 48 மி.மீ. விடுகிறார்கள். அதை அப்படியே சுருக்கினால் 0.6 மி.மீ. கிடைக்கும். பி4 ஆர்வலர்கள் 0.68 மி.மீ. வைத்து ஓட்டுகிறார்கள், ஆனால் அதற்கு 2 மி.மீ. அகலமுள்ள மெல்லிய சக்கரங்களும், எல்லாச் சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வகையில் அசைந்துகொடுக்கும் அடிச்சட்டங்களும் வேண்டும். எனக்குக் கிடைத்த சக்கரங்களின் அகலம் 2.3 மி.மீ. ஆகவே கேஜ் மட்டும் உண்மைக்குச் சரியாக 22 மி.மீ., ஃபிளாஞ்ச் வழி இ.எம். முறைப்படி 1 மி.மீ., ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 20.3 மி.மீ. என்று தீர்மானித்தேன். உண்மையில் அந்த இடைவெளி 1600 மி.மீ., சுருக்கினால் 21 மி.மீ. என்பதால் 0.7 மி.மீ. விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஓடாத துல்லியத்தைவிட நம்பிக்கையாக ஓடும் பாதை மேல் என்பது என் முடிவு.

22 மி.மீ. பாதைக்கு அளவுகோல் எந்தக் கடையிலும் கிடைக்காது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்கு ஒரு படத்துடன் போனேன். பித்தளை உருளையில் தண்டவாளத்தின் தலை அமரும்படி இரண்டு பள்ளங்கள். அவற்றின் உள்விளிம்புகளுக்கு இடையே 22 மி.மீ. படத்தைப் பார்த்த பட்டறைக்காரர், “எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் சார்?” என்று கேட்டார். “0.05-க்குள்ள இருந்தா போதும் அண்ணே” என்றேன். எந்த இயந்திரத்துக்கான உதிரி என்று விசாரித்தவர், பொம்மை ரயிலுக்கு என்று தெரிந்த பிறகும் வேலையின் கவனத்தைச் சிறிதும் குறைக்கவில்லை. மூன்று உருளைகளையும் வெர்னியரில் அளந்து காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

தண்டவாளமாக 1.9 மி.மீ. உயரமுள்ள கோட் 75 நிக்கல் சில்வர் கம்பியை எடுத்துக்கொண்டேன். நம் ரயில்வேயின் பழைய 90ஆர் தண்டவாளத்தின் உயரம் 142.9 மி.மீ.; சுருக்கினால் 1.88 மி.மீ. வேறொரு நாட்டுக்காகத் தயாரான கம்பி நம் யார்டுகளில் பல காலம் கிடந்த 90ஆருக்கு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதைக் கண்டபோது, 1980களின் யார்டு ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்று முடிவாகிவிட்டது. மரக்கட்டை ஸ்லீப்பரின் அகலம் 250 மி.மீ., நீளம் 2750 மி.மீ. என்பதால் மாதிரியில் 3.3 மி.மீ. அகலமும் 36 மி.மீ. நீளமும் வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கிய, மின்சுற்று செய்யப் பயன்படும் செம்புப் பூச்சு அட்டையைப் பட்டைகளாக அறுத்து ஸ்லீப்பர் ஆக்கினேன். செம்பின் மேல் தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். தவறினால் சூடு காட்டி எடுத்துவிட்டு மறுபடியும் வைக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. புதுப்பேட்டையில் வாங்கிய ஃபீலர் கேஜ் கொத்து ஒன்றும் சேர்ந்தது. வண்டி மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும் அந்த எஃகு இதழ்களில் 1.00 மி.மீ. தகடு ஒன்று உண்டு. ஃபிளாஞ்ச் வழிக்கு அதைவிடப் பொருத்தமான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

பாயிண்டின் நீளத்துக்குப் பழைய எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து, இரு பாதைகளின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங்கின் மூக்கு வரை உள்ள தூரம், கேஜையும் கிராசிங் எண்ணையும் (இங்கே 8½) பெருக்கி இரட்டித்தால் கிடைக்கும். 22-ஐயும் 8.5-ஐயும் பெருக்கி இரட்டித்தால் 374 மி.மீ. அதற்கான வளைவின் ஆரம் 3.2 மீட்டர். கடையில் வாங்கும் வட்டத் தண்டவாளத் தொகுப்புகளில் 438 மி.மீ. ஆரமே சாதாரணம் என்பதை நினைத்தால், நாம் பழகிப்போன பொம்மை வளைவுகள் எவ்வளவு நெரிசலானவை என்பது விளங்கும். வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டு, பலகையில் ஒட்டி, அதன் மேல் ஸ்லீப்பர்களை இரட்டைப் பக்கப் பசை நாடாவால் நிறுத்தினேன்.

பாயிண்டின் உயிர் கிராசிங்கில் இருக்கிறது. 1 இன் 8½ என்றால் மூக்கின் கோணம் 6 பாகை 42 நிமிடம். அதைப் பாகைமானியால் அளக்க முயல்வது வீண். 85 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ. ஏறும்படி தேக்குக் கட்டை ஒன்றை இழைத்து, அதன் சரிவின் மேல் தண்டவாளத்தைப் பிடித்து அரத்தால் தேய்த்தேன். ஒரு தண்டவாளம் கூர்மையான முனையாகத் தேய வேண்டும்; மற்றொன்று அதன் விலாவில் சாய்ந்து ஒட்டும்படி தேய வேண்டும். நிக்கல் சில்வர் மெதுவாகத்தான் தேய்கிறது. முனை காகிதத் தடிமனுக்கு வரும்போது ஒரே ஒரு அழுத்தமான இழுப்பில் அது மடங்கிவிடும். அப்படி இரண்டு முனைகளை இழந்தேன். மூன்றாவது முறை, தண்டவாளத்தை முனைவரை மரக்கட்டை தாங்கும்படி வைத்து, அரத்தை முனையை நோக்கித் தள்ளாமல் முனையிலிருந்து விலகும் திசையில் மட்டும் ஓட்டினேன். இரண்டும் கூடிய இடத்தில் நகத்தை ஓட்டினால் தடை தெரியக் கூடாது. அந்த நிலை வர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆயிற்று.

விங் ரெயில்கள் இரண்டையும் மடித்து, மூக்கின் இருபுறமும் வைத்துப் பற்றவைத்து, எதிர்ப்புறத்தில் செக் ரெயில்களையும் போட்டு முடித்த அன்று இரவே சரக்குப் பெட்டியை உருட்டிப் பார்த்தேன். மெயின் லைனில் வழுவழுப்பாகப் போயிற்று. கிளைக்குத் திருப்பியபோது மூக்கின் முன்னால் பெட்டி ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்து எழுந்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். திரும்பத் திரும்ப உருட்டினேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ‘டிக்’.

முதலில் சக்கரத்தைச் சந்தேகித்தேன். அச்சுகள் நான்கிலும் 20.3 மி.மீ. சரியாக இருந்தது. அடுத்து மூக்கு உயர்ந்துவிட்டதோ என்று எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் எங்கும் கசியவில்லை. கடைசியாக ஃபீலர் கேஜை எடுத்தேன். விங் ரெயிலுக்கும் மூக்குக்கும் நடுவில் 1.00 தகடு தளர்வாக ஆடியது. அதனுடன் 0.20 தகட்டையும் சேர்த்து நுழைத்தேன். இரண்டும் சேர்ந்தே உள்ளே போய்விட்டன. காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. மூக்குக்கு முன்னால் தண்டவாளம் இல்லாத வெற்றிடம் ஒன்று உண்டு. ஃபிளாஞ்ச் வழியின் அகலத்தை 8.5 ஆல் பெருக்கினால் அதன் நீளம் வரும். அந்த வெற்றிடத்தைக் கடக்கும் வரை சக்கரத்தின் வெளிப்புற ஓரத்தை விங் ரெயில் தாங்க வேண்டும். சக்கரத்தின் அகலம் ஃபிளாஞ்ச் வழியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான் அந்தத் தாங்கல் அறுபடாது. 1 மி.மீ. வழிக்கு 2 மி.மீ. தேவை, என் சக்கரம் 2.3 மி.மீ. என்பதால் கடந்துவிடும். வழி 1.2 மி.மீ. ஆனால் 2.4 மி.மீ. தேவை. 0.1 மி.மீ. பற்றாமல் சக்கரம் பள்ளத்தில் விழுந்து, மூக்கில் ஏறியிருக்கிறது.

செக் ரெயிலைப் பற்றவைத்தபோது நீண்ட ஸ்லீப்பர்களின் செம்பு வழியாகப் பரவிய சூட்டில், முன்னமே வைத்திருந்த விங் ரெயிலின் ஈயம் இளகி, மடிப்பின் விசையில் அது வெளியே நகர்ந்திருக்கிறது. ஒரு விங் ரெயிலை முழுவதும் கழற்றினேன். இம்முறை 1.00 தகட்டின் இரு பக்கமும் ஈயம் ஒட்டாதிருக்கப் பென்சிலால் நன்றாகத் தேய்த்து, இடைவெளியிலேயே நிறுத்தி, பக்கத்து இணைப்புகளின் மேல் ஈரப் பஞ்சை வைத்து, ஒரு முனையில் ஒன்று மறுமுனையில் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சூடு வைத்தேன். முழுவதும் ஆறிய பிறகே தகட்டை உருவினேன். உருவும்போது அது சீரான இறுக்கத்தோடு வழுக்கி வந்தது. அன்று பெட்டி அந்த இடத்தைச் சத்தமின்றிக் கடந்தபோது கையை எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாதையைத் திருப்ப நகரும் டங்க் ரெயில்களும் மின் இணைப்பும் ஒரு வாரத்தில் முடிந்தன. ஸ்லீப்பர் ஒவ்வொன்றிலும் செம்பை இடையில் கீறிப் பிரித்து, மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கிராசிங் இரு திசைக்கும் பொதுவானது என்பதால் பாயிண்ட் திரும்பும்போது அதன் மின்முனையும் மாற வேண்டும். பாயிண்டை நகர்த்தும் கம்பியுடனேயே ஒரு சிறிய சுவிட்சை இணைத்துவிட்டேன்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்ஸ்-என் பெட்டியின் நீளம் கப்ளர் முதல் கப்ளர் வரை 10,713 மி.மீ.; மாதிரியில் 140.6 மி.மீ. கணினியில் நான் வரைந்து கொடுத்ததை நண்பர் ஒருவர் ரெசின் அச்சில் எடுத்துத் தந்தார். போகியின் (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டம்) அச்சுகளுக்கு இடையே உண்மையில் 2000 மி.மீ., மாதிரியில் 26.2 மி.மீ. கேஜ் அகலமாகிவிட்டதால் வழக்கமான 26 மி.மீ. அச்சு போதாது, 28 மி.மீ. ஊசிமுனை அச்சு போட்டேன். சக்கர விட்டம் 12.6 மி.மீ. கிடைத்தது. புதிய சக்கரம் 1000 மி.மீ. என்பதால் 13.1 இருக்க வேண்டும். ஆயினும் நிஜப் பெட்டியின் சக்கரமும் தேய்ந்து, கடைசலுக்குப் போய்ச் சிறுத்துக்கொண்டேதான் வருகிறது. 12.6 என்பது 960 மி.மீ. சக்கரத்துக்குச் சமம், சில ஆண்டுகள் ஓடிய பெட்டி என்று அதை மனநிறைவோடு ஏற்றுக்கொண்டேன். எடை குறைவாக இருந்ததால் தரையின் அடியில் ஈயத் தகடு வைத்து, மேலே உண்மையான நிலக்கரியை இடித்துப் பரப்பினேன்.

இப்போது பாயிண்டில் மெயின் லைனுக்கு 50 முறை, கிளைக்கு 50 முறை, முன்னும் பின்னுமாக உருட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு முறையும் தடம் புரளவில்லை. ஜல்லி இன்னும் போடவில்லை. செம்பு ஸ்லீப்பர்கள் வண்ணம் பூசப்படாமல் மின்னுகின்றன. அப்படியிருந்தும், பலகையின் ஓரத்தில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், அரக்கோணம் நடைமேடையின் கோடியில் நின்று யார்டைப் பார்க்கும்போது தெரியும் அந்த அகலம் கண்ணில் விழுகிறது.

அடுத்தது டபிள்யூ.டி.எம்.-2. மேற்கூடு அச்சாகி, பக்கக் கதவுகளின் கோடுகளைத் தேய்த்துச் சீராக்கிக்கொண்டிருக்கிறேன். அதன் 1092 மி.மீ. சக்கரத்துக்கு 14.3 மி.மீ. வேண்டும்; 14 மி.மீ. சக்கரங்கள் கையில் இருக்கின்றன. மூன்று அச்சு போகி 3.2 மீட்டர் ஆரத்தில் தாராளமாகத் திரும்பும். ஆனால் நடு அச்சுக்குப் பக்கவாட்டில் எவ்வளவு இடம் விடுவது என்பதைக் காகிதக் கணக்கை நம்பி முடிவு செய்ய மனமில்லை. மோட்டார் வைப்பதற்கு முன் வெறும் பித்தளைச் சட்டத்தில் மூன்று அச்சுகளையும் பூட்டி, இதே கிராசிங்கின் மேல் தள்ளிப் பார்க்கப் போகிறேன். இரண்டாவது பாயிண்டுக்கான ஸ்லீப்பர் பட்டைகள் அறுத்துத் தயாராக இருக்கின்றன. இந்த முறை செக் ரெயில்களை முதலில் வைத்துவிட்டு, விங் ரெயிலைக் கடைசியாகப் பற்றவைப்பேன்.