படுக்கை விரிப்போடு விருந்துக்குப் போனோம்

"சுவீடன்காரர் வீட்டுக்கோ? வெளிக்கிட முன்னம் வடிவாச் சாப்பிட்டிட்டுப் போங்கோ." சேதி கேட்டதும் மாமி தொலைபேசியில் சொன்னது இதுதான். 2022 மே மாதம் இணையமெங்கும் ஓடிய கதை அவவின் காதுக்கும் எட்டியிருந்தது. விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை அறையில் இருக்கவிட்டு, வீட்டுக்காரர் மட்டும் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவார்களாம். தங்கள் சின்ன வயதில் அப்படி நடந்ததுண்டு என்று சுவீடன்காரர் பலரும் அப்போது ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அதன் வீட்டில் சமைத்து வைத்திருப்பார்கள், நாங்கள் அதைக் குழப்பக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அது எங்கள் ஆட்களின் மனதில் ஏறவில்லை. "கல்நெஞ்சுக்காரர்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு பிழை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கலியாணம் முடித்து கொப்பன்ஹேகனுக்கு வந்தபிறகு ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே தாதியாக இருக்கிற என் சிநேகிதி, சுவீடனின் மால்மோவிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவள். ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு வார இறுதிக்குத் தங்கள் கோடைகால வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டாள். செய்தியில் எல்லாம் தெளிவாக இருந்தது: எந்த ரயில், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரலாம், ஞாயிறு எத்தனை மணிக்குக் கொண்டுபோய் விடுவார்கள், எங்களுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதும் உண்டா. கடைசி வரி: படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் கொண்டு வாருங்கள். கோடைகால வீடுகளுக்குப் போகிறவர்கள் அங்கே அப்படித்தான் கொண்டுபோவார்களாம். மாமிக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

ரயில் முதலில் கடலுக்கடியில் 4 கிலோமீற்றர் சுரங்கத்தால் ஓடி, மனிதர் கட்டிய பெபர்ஹோல்ம் தீவில் வெளிச்சத்துக்கு வந்து, பிறகு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் பாலத்தில் ஏறுகிறது. மேல்தட்டில் கார்கள், கீழ்த்தட்டில் நாங்கள். 2000 யூலையில் இது திறக்கப்படுவதற்கு முன்னர் கப்பலில்தான் போய்வந்தார்களாம். அக்கரையில் முதல் நிலையமான ஹில்லியில் பொலிஸ் ஏறி அடையாள அட்டை கேட்டார்கள். அகதிகள் பெருந்தொகையாக வந்த 2015இல் தொடங்கிய சோதனை அது. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பெட்டி படுக்கையோடு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். பொலிஸ்காரி சிரித்துக்கொண்டு "நன்றி, நல்ல நாளாகட்டும்" என்று சொல்லிப் போன பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மால்மோவில் ஊதா நிறப் போகதோக் என்கிற உள்ளூர் ரயிலுக்கு மாறி, இஸ்தாத் வழியாகக் கிழக்குக் கரையின் சிம்ரிஸ்ஹாம்னுக்குப் போனோம். அந்தப் பக்கத்தை ஓஸ்தர்லேன் என்கிறார்கள். அறுவடை முடிந்த வயல், அப்பிள் தோட்டம், திடீரென்று ஒரு துண்டுக் கடல். 1658 வரை டென்மார்க்கின் நிலம் இது. அதனாலோ என்னவோ, என் டெனிஷும், ஸ்கோனே என்கிற அந்த மாகாணத்து ஆட்களின் பேச்சும் ஒருமாதிரிப் பொருந்திக்கொண்டன. எண்கள் வந்தால் மட்டும் காகிதத்தில் எழுதிக் காட்டினோம்.

வெள்ளை பூசிய பழைய பண்ணை வீடு. வாசலில் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போனதும் கோப்பி தந்தாள். கோப்பை காலியானதும் வேலை தந்தாள். எனக்கு வெஸ்தர்பொத்தன் சீஸைத் துருவுவது. அதில்தான் ‘பை’ (pie) என்கிற சுட்ட பண்டத்துக்குரிய கலவை. இவருக்கு அப்பிள் மரத்தில் ஏணி வைத்துக் காகித விளக்குகள் கட்டுவது, சிரிக்கிற நிலா முகம் போட்ட விளக்குகள். அவளின் கணவர் உருளைக்கிழங்கு அவித்தார். அவளின் அப்பா, எண்பது தாண்டிய மனிதர், மேசையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காகிதத் தொப்பியும் கழுத்துத் துணியும் பாட்டு அச்சடித்த தாளும் வைத்தார்.

அன்றைய விருந்துக்குப் பெயர் கிரெஃப்ட்ஷீவா. கிரெஃப்டா என்பது ஆற்றிலும் குளத்திலும் வாழ்கிற குட்டிச் சிங்க இறால் போன்றது. முதல்நாளே உப்புத் தண்ணீரில், பூத்து முற்றிய தில் (சதகுப்பை) கீரைக் கொத்துகளோடு அவித்து, அந்தத் தண்ணீரிலேயே இரவு முழுக்க ஊறவிட்டிருந்தாள். சிவப்பேறி, குளிர்ந்தபடியே மேசைக்கு வந்தது. 1907இல் பரவிய ஒரு நோய் உள்ளூர் இனத்தைப் பெருமளவு அழித்துவிட்டது, இப்போது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட இனமும், துருக்கியிலும் சீனாவிலுமிருந்து இறக்குமதியாகிறதும்தான் என்று பெரியவர் சொன்னார். அவருடைய இளமையில் ஓகஸ்ட் வரும்வரை பிடிக்கத் தடை. சட்டம் 1990களில் போய்விட்டது; ஓகஸ்டுக்குக் காத்திருக்கிற பழக்கம் போகவில்லை.

சாப்பிடும் முறையைச் சிநேகிதி செய்து காட்டினாள். மல்லாக்காகப் பிடித்து, வாயை வைத்து, உள்ளே நிற்கிற தில் தண்ணீரைச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். பிறகு வாலைத் திருகிக் கழற்றி ஓட்டை உரிக்க வேண்டும். கொடுக்குக்கென்று ஒரு சின்னக் கத்தி. அலகில் ஒரு துளை இருக்கும், கொடுக்கின் நுனியை அதற்குள் விட்டு முறித்தால் சதை முழுசாக வருகிறது. நான் கத்தியைத் தொடவில்லை. பல்லால் கடித்து, நாக்கால் இழுத்து, கொடுக்கை வெறும் கூடாக்கித் தட்டில் போட்டேன். யாழ்ப்பாணத்து நண்டுக்கறி சாப்பிட்டு வளர்ந்த வாய்! பெரியவர் தன் தட்டை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். பிறகு தன் பங்குக் கொடுக்குகளை எடுத்து என் தட்டில் வைத்தார். கறித்தூள் இல்லையே என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. இனிப்பு வினாகிரியில் ஊறிய ஹெரிங் மீன்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கடுகுக் குழம்பில் ஊறியதை இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டேன்.

கொஞ்சத்துக்கொருதரம் யாராவது பாட்டுத் தொடங்குவார்கள். முடிந்ததும் கிண்ணத்தை உயர்த்தி, ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துக் குடித்து, திரும்பவும் பார்த்துவிட்டு வைப்பார்கள். அவர்களுக்கு ஸ்னாப்ஸ் என்கிற மதுபானம், எனக்கு எல்டர்பூ சர்பத். ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரவு பத்து மணியளவில்தான் ஒன்றைக் கவனித்தேன். தொடக்கத்திலிருந்து சிநேகிதி எழும்பவேயில்லை. கதைத்தாள், பாடினாள், எங்களோடு சூடாகப் பையைச் சாப்பிட்டாள். தட்டு எடுக்க நேரம் வந்தபோது எல்லோரும் எழும்பினோம். எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. வீட்டுக்கு ஆட்கள் வந்த நாட்களில் அவ குசினி வாசலில் நின்றபடி "இன்னும் கொஞ்சம் போடட்டோ" என்று கேட்டுக்கொண்டிருப்பா. எல்லோரும் கை கழுவி, கதைத்து, விடைபெற்றுப் போன பிறகு ஆறின சோற்றை ஒரு மூலையில் இருந்து சாப்பிடுவா. அதை அன்பு என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லி வந்தோம், அன்புதான். ஆனால் அவவும் எங்களோடு ஒரு நாள் இருந்து சாப்பிட்டிருக்கலாம். அதற்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வேலை எடுத்திருந்தால் போதும். படுக்கை விரிப்பும் அதே கணக்குத்தான்: நாங்கள் போனபிறகு அவள் எங்கள் அழுக்குத் துணி தோய்க்க வேண்டியதில்லை.

ஞாயிறு காலை ஏலக்காய் பன். உரலில் இடிக்கிற வேலை எனக்கு. பாயாசத்துக்கு நாங்கள் நாலைந்து போடுவோம். அவள் ஒரு கைப்பிடி நீட்டினாள், அதுவும் தூளாக்காமல், பல்லில் கடிபடும்படி குருணலாக. அடுப்பிலிருந்து எடுத்தபோது வந்த வாசம் எனக்குச் சித்திரை வருசம்தான்.

பிறகு காரில் கோசபெர்யாவுக்குப் போனோம். கடலோர மேட்டில் கப்பல் வடிவத்தில் நட்ட 59 கற்கள், 67 மீற்றர் நீளம். ஏறத்தாழ 1400 வருசத்துப் பழசு என்கிறார்கள். காற்று ஆளைத் தூக்கியது. கீழே இறங்கித் துறைமுகத்தில் புகையூட்டிய ஹெரிங் வாங்கி, கையால் முள் விலக்கிச் சாப்பிட்டோம்.

ஒக்டோபரில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எத்தனை மணிக்கு வர, எதைக் கொண்டு வர, என்ன வேலை என்று செய்தி வந்துவிட்டது. நண்டுக்கறி என் பொறுப்பு. அவளின் கணவருக்குத் தேங்காய் துருவுகிற வேலை. முருங்கையிலை உருவுவது பெரியவரும் இவரும். மாமியும் அன்றைக்கு வருவா. அவவைக் குசினிப் பக்கம் விடாமல் மேசையில் இருத்துகிற வேலையைச் சிநேகிதியிடம் கொடுத்திருக்கிறேன்.