டெங்கு இல்லையாம், அப்போ என்ன?

போன மழைக்காலத்தில் அக்காவின் மகனுக்குத் தடிமன் பிடித்தது. வயது 15, சாதாரண தரப் பரீட்சைக்காக வெள்ளவத்தையில் மூன்று டியூஷனுக்கு ஓடுகிறவன், தடிமனுக்கெல்லாம் யார் கவலைப்பட்டார்கள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், ஆவி பிடிக்க வைத்தோம், ஒரு கிழமையில் மூக்கடைப்பு குறைந்தது. அப்புறம் திடீரென்று காய்ச்சல், நெற்றியைப் பிளக்கிற தலையிடி.

கொழும்பில் இந்த இரண்டும் சேர்ந்தால் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான்: டெங்கு. இரத்தம் சோதித்தோம், பிளேட்லெட் நன்றாக இருந்தது. மறுநாளும் சோதித்தோம், அப்போதும் நன்றாகவே இருந்தது. பக்கத்து டிஸ்பென்சரியில் "பீனிசம்தான், பனடோல் போடுங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். பீனிசம் என்றால் சைனஸில், அதாவது மூக்கைச் சுற்றிய எலும்புகளுக்குள் இருக்கிற காற்றறைகளில் வருகிற அழற்சி. டெங்கு இல்லை என்ற நிம்மதியில் அக்கா வேறெதையும் யோசிக்கவில்லை. நானும்தான்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். "சித்தி, லைட்டை நிப்பாட்டுங்கோ" என்றான். இரண்டு தரம் சத்தி எடுத்திருந்தான். புருவத்துக்குச் சற்று மேலே ஒரு வீக்கம், தொட்டால் பிசைந்த மாவைப் போல அமுங்கியது. நுளம்பு கடித்திருக்கும் என்று அக்கா நினைத்திருக்கிறாள். அதைவிட, வழமையாக வாய் மூடாத பிள்ளை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்தான். உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடித்தோம்.

ஸ்கேனில் மூளை உறைக்கு அடியில் சீழ். அன்றிரவே மண்டையைத் திறந்தார்கள், மூக்கு வழியாக சைனஸையும் சுத்தம் செய்தார்கள், பிறகு ஆறு கிழமை ஊசி வழியாக அன்டிபயோட்டிக்.

வார்டில் இருந்த நாட்களில் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டது இது. நெற்றிக்குள் இருக்கிற சைனஸ் பிறக்கும்போது இருப்பதில்லை, ஆறேழு வயதளவில் உருவாகிப் பதின்ம வயது முழுக்க வளர்கிறது. அந்த வயதில் அங்கே இரத்த ஓட்டமும் அதிகம், அங்கிருந்து மூளைப் பக்கம் போகிற சிறு நாளங்களில் வால்வும் கிடையாது, அதனால் கிருமிக்கு உள்ளே போக வழி திறந்தே கிடக்கிறது. இப்படி ஆகிறவர்களில் பதின்ம வயது ஆண்பிள்ளைகள்தான் அதிகமாம். அந்த நெற்றி வீக்கத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயரில் டியூமர் என்று வரும், ஆனால் புற்றுநோய் இல்லை, எலும்பின் மேலுறைக்குக் கீழே சேர்ந்த சீழ்.

இது அரிது, அதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பீனிசம் வைரஸால் வருவது, தானாகவே போய்விடும், அன்டிபயோட்டிக்கே தேவையில்லை. ஆனால் குறைந்துவந்த தடிமன் திரும்பக் காய்ச்சலோடு கூடினால், தலையிடியோடு சத்தி வந்தால், நெற்றியோ கண்ணோ வீங்கினால், பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தால், பிள்ளை மந்தமானால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். வலிப்போ ஒரு பக்கக் கைகால் சோர்வோ வந்தால் சொல்லவே வேண்டாம்.

பரீட்சையை அடுத்த முறைதான் எழுதப்போகிறான். முடி வளர்ந்துவிட்டது, தழும்பு தெரியவில்லை. நேற்றுக் கோல் எடுத்து, "சித்தி, லேசா தடிமன்" என்றான். பின்னால் அக்காவின் குரல், ஏற்கெனவே ஓட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.